கால் அங்குலம்

ஜெலுத்தோங் பட்டறையில்
ஒரே அச்சை வைத்து
நானூறு நாற்காலிகள் அறுத்தார்கள்.
சிவப்பு மெராந்தி. சாய்மானத்தில் மூன்று பட்டை.
விலை ஒன்பது வெள்ளி. முன்பணம் ஒன்று,
மிச்சத்துக்கு வாரம் ஐம்பது காசு.

அந்த ஐம்பது காசுதான் நான்.
சைக்கிள் மணி கேட்டதும் பிள்ளைகள் உள்ளே ஓடி
"அம்மா, அம்பது காசு வந்துட்டாரு" என்பார்கள்.

சண்டை முடிந்து இரண்டாம் வருடம்.
வீடுகளில் உட்கார எதுவும் இல்லை.
இருந்த பலகையை எல்லாம் ஜப்பான் காலத்தில்
அடுப்பில் வைத்து
மரவள்ளி வேகவைத்தாயிற்று.
முதல் நாற்காலி வந்திறங்கிய சந்தில்
யாரும் உடனே உட்காரவில்லை.
சுற்றி நின்று பார்த்தார்கள்,
பெண் பார்க்க வந்தவர்களைப்போல.

அச்சில் பிழை.
பின்னிரண்டில் இடது கால்
கால் அங்குலம் குட்டை.
நானூறிலும் அதே கால், அதே கால் அங்குலம்.
"நாலு காலுக்குக் காசு வாங்கிக்கிட்டு
மூணேமுக்கால் கொடுத்திருக்கியே" என்றார்
துறைமுகத்தில் மூட்டை எண்ணும் தைரியநாதன்.

அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியம்.
மீரா உசேன் ஒட்டுக்கடையில் சிரட்டைச் சில்லு.
தைரியநாதனுக்குத் தீப்பெட்டி அட்டை,
வாரம் ஒருமுறை புதிதாக.
டோபி காட் பக்கம் முக்கால்வாசிப் பேர்
வாழைமர நோட்டை மடித்துக் கொடுத்திருந்தார்கள்.
பத்து வெள்ளித் தாள். ஆறு சேர்த்து
எட்டாய் மடித்தால் கனம் சரியாக இருக்கும்.
கட்டுக்கட்டாய் அதைக் கொடுத்து முட்டை வாங்கியவர்கள்
"இப்பத்தான் இதுக்கு மதிப்பு வந்திருக்கு" என்று
மேலே உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள்.

பேச்சாயி வீட்டில் மட்டும் அது ஆடவில்லை.
கிடங்கில் கோணி தைப்பவள். தனி ஆள்.
காசு எண்ணும் சாக்கில்
குனிந்து காலடியைப் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை. வெறும் சிமெண்டு.

மறு வருடம் தவுக்கே
அச்சைத் திருத்தினார்.
பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடு என்றார்.
நல்ல மனசு.
எதிரே புதிதாக ஒரு கடை திறந்திருந்ததும் உண்டு.
கைவண்டியில் இருபது இருபதாய் ஏற்றி
சந்து சந்தாய் மாற்றினோம்.
கீழே விழுந்த நோட்டு மடிப்புகளைப்
பிள்ளைகள் பொறுக்கிப்போய்
கடை வைத்து விளையாடினார்கள்.

பேச்சாயியின் மூலையில் புதியதை வைத்தேன்.
டக் என்றது.
உள்ளங்கையால் அழுத்தினேன்.
டக்.

அவள் கோணி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"நாப்பத்தொண்ணுல பக்கத்து வீட்டுல குண்டு விழுந்துச்சு.
அன்னையிலேர்ந்து தரை அந்த இடத்துல
கொஞ்சம் எழும்பித்தான் கெடக்கு."

பக்கத்துச் சுவரில் ஒரு கதவு.
குறுக்கே பலகை அடித்து மூடியிருந்தது.
பலகையின் மேல் அவள் சேலை காயப்போட்டிருந்தாள்.
அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.

"இதை எடுத்துக்கிட்டுப் போ.
அது என் தரைக்குன்னு செஞ்சது."

பிழை என்று சொல்ல வாய் வரவில்லை.
வண்டியிலிருந்து பழையதை இறக்கினேன்.
அதே மூலையில், சத்தமில்லாமல்,
வீட்டுக்கு வந்த ஆள்போல அது நின்றது.
அவள் எழுந்து வந்து ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள்.
பிறகு ஐம்பது காசு கொடுத்தாள்.

பட்டறைக்குத் திரும்பும்போது வண்டியில்
ஒரு புதிய நாற்காலி மிச்சம்.
அதை நானே எடுத்துக்கொண்டேன். முன்பணம் ஒரு வெள்ளி.
வாராவாரம் சட்டைப்பையிலிருந்து ஐம்பது காசு எடுத்து
தோல்பையில் போட்டு
என் பெயருக்கு நேரே நானே கையெழுத்து வைக்கிறேன்.

நேராகத்தான் நிற்கிறது.
இருந்தாலும் உட்காருவதற்கு முன்னால்
ஒருமுறை குனிந்து
தரையைப் பார்த்துக்கொள்கிறேன்.